மூச்சு மருந்து மாநாட்டில் நான் போட்ட சாம்பிராணி

அலுவலக வேலையாகச் சொந்த ஊருக்கு மட்டும் போகவே கூடாது. வெளியூரில் ஒருவன் செய்கிற கூத்து அந்த ஊர் எல்லையோடு முடிந்துவிடும். சொந்த ஊரில் செய்தால், கல்யாணப் பந்தி, கிறிஸ்துமஸ் விருந்து, துக்க வீடு என்று எல்லா இடத்திலும் அது திரும்பத் திரும்பப் பரிமாறப்படும். இந்த ஞானம் எனக்கு வந்தது கொடைக்கானலில், நுரையீரல் மருத்துவர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில், கையில் புகையோடு நின்றபோது.

மதுரையில் இன்ஹேலர் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் அப்போது விற்பனைப் பிரிவில் சேர்ந்திருந்தேன். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. முதலாளி சோமசுந்தரம் சார் நல்ல வாட்டசாட்டமான ஆள். எல்லோருக்கும் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். அவர் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தால் ஆபீஸில் மின்விசிறியைக் கூட நிறுத்திவிட்டு நடுங்குவோம்.

மூச்சுவழி மருந்துத் தொழிலில் இருப்பவர்கள் கூடுகிற மாநாடு அந்த முறை கொடைக்கானலில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. இன்ஹேலர் செய்கிறவர்கள், அதற்குள் போகும் பொடியை அரைக்கிறவர்கள், மூடி மட்டும் செய்கிறவர்கள், மூடி சரியாக மூடுகிறதா என்று பார்க்க இயந்திரம் செய்கிறவர்கள் என்று நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து ஸ்டால் போடுவார்கள். நாங்களும் எங்கள் புதுப் பொடி இன்ஹேலரோடு ஸ்டால் எடுத்திருந்தோம். அதைப் பலமாக இழுத்தால்தான் பொடி நெஞ்சுக்குள் போகும்.

"கொடைக்கானலா? என் ஊர்தான் சார். அங்க ஒரு துரும்பு அசையணும்னாக்கூட என்னைக் கேட்டுத்தான் அசையும். எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றேன். (ஊரில் என் பேச்சை எங்கள் வீட்டு நாய்கூடக் கேட்காது. அது வேறு விஷயம்.)

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி எட்வின். இது மட்டும் நல்லபடியா முடியட்டும். மதுரைக்குத் திரும்புனதும் உன் பெர்மனன்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன். ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, திரும்பி வரவே வேணாம்."

இதில் முதல் பாதியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வருவதற்குள் ஊருக்கே சொல்லிவிட்டார். "எம்மவன் பெர்மனன்ட் ஆகப் போறான், செபிச்சுக்கோங்க" என்று பங்குச் சாமியாரிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தாராம். ஆக, வேலை போனால் மதுரையில் ஒரு அவமானம், மலையில் ஒரு அவமானம் என்று இரட்டை ஏற்பாடு ஆகிவிட்டது.

மாநாட்டுக்கு முந்தின நாளே நான் மலையேறி ஸ்டாலைக் கட்டி முடித்தேன். உண்மையைச் சொன்னால் அழகாகவே கட்டியிருந்தேன். மேசையில் இன்ஹேலர்களை வரிசையாக அடுக்கினேன். அவற்றில் மருந்து கிடையாது. எந்த ஸ்டாலிலும் இருக்காது. வருகிறவர்கள் எல்லோரும் வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். நிஜ மருந்தை வைத்தால் மத்தியானத்துக்குள் மாநாடு மொத்தமும் கை நடுங்கிக்கொண்டு, நெஞ்சு படபடக்கத் திரியும். பின்னால் பெரிய பேனர். அதில் சார் சொந்தமாக யோசித்த வாசகம்: 'இன்ஹேலரை மறைக்காதீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.' பக்கத்து ஸ்டால் எங்கள் பரம எதிரியான பெரிய கம்பெனிக்கு. எல்லாமே பச்சை நிறம். பச்சை விரிப்பு, பச்சை டை கட்டிய மேனேஜர், போதாததற்கு ஆளுயர இன்ஹேலர் பலூன் ஒன்றும் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த மேனேஜர் எதற்கெடுத்தாலும் சிரித்த முகம். அதுவே எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் சார் மதுரையிலிருந்து கூப்பிட்டார். "நான் காலையில வந்துருவேன். ஸ்டால் தொறக்குறதுக்கு முன்னாடி முருகன் படத்தை வச்சு ஒரு சாம்பிராணி காட்டிரணும். ரொம்ப வேணாம். கம்ப்யூட்டர் சாம்பிராணி ஒண்ணு கொளுத்து, லேசா வாசனை வந்தாப் போதும்."

கம்ப்யூட்டர் சாம்பிராணி என்றால் கட்டைவிரல் அளவு இருக்கும். பற்றவைத்தால் நூல் போலப் புகை வரும். எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை வாங்க மறந்தேன்.

காலையில் நினைவு வந்தபோது வெளியே மூடுபனி. எங்கள் ஊரில் குளிர் கொஞ்சம் விட்டால்தான் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவார்கள். கடைவீதி முழுக்க ஓடிப் பார்த்தேன். ஒரு டீக்கடை தவிர எதுவும் திறக்கவில்லை. அப்போதுதான் என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த யோசனை என்று நான் நம்பிய யோசனை வந்தது. நேராக எங்கள் கிறிஸ்தவக் கோவிலுக்கு ஓடினேன்.

அம்மாவின் தம்பி பாக்கியம் மாமா எங்கள் கோவிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுத்திரி ஏற்றுவது, பூசைப் பாத்திரங்களைத் துலக்கி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"மாமா, கொஞ்சம் சாம்பிராணி வேணும். முதலாளி வர்றாரு, ஸ்டால் தொறக்கணும்."

"அதுக்கு ஏன் மாப்ள மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? அலமாரியில பழைய தூபக்கலசம் சும்மாதான கெடக்கு. எடுத்துட்டுப் போ. சோலி முடிஞ்சதும் வெரசா கொண்டாந்துரு. சாமியாரு காதுக்குப் போச்சு, ரெண்டு பேருக்கும் ஆப்புதான்."

தூபக்கலசம் என்பது நீளமான சங்கிலிகளில் தொங்கும் மூடி போட்ட பித்தளைக் கிண்ணம். உள்ளே தணலைப் போட்டு, சாம்பிராணியைத் தூவி, பெரிய திருநாள் பூசைகளில் ஆட்டுவார்கள். சிறு வயதில், பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச்சிறுவனாக அதை ஆட்டியவன் நான். ஆட்டுவதில் எனக்கு ஊரில் பெயர் உண்டு. அதைக் கையில் எடுத்ததும் பழைய கர்வம் தோள்வரை ஏறிவிட்டது. கட்டைவிரல் சாம்பிராணி எங்கே, இந்தப் பித்தளைக் கலசம் எங்கே! சார் அசந்துபோவார் என்று நினைத்தேன். அதுமட்டும் நடந்தது.

மாமா அடுப்பிலிருந்து தணலை அள்ளிப் போட்டார். சாம்பிராணிப் பொட்டலத்தையும் கரண்டியையும் தனியாகக் கையில் கொடுத்தார்.

"எவ்வளவு மாமா போடணும்?"

"என்னடா கேள்வி? எப்பவும் போடுற மாதிரி நாலு கரண்டி அள்ளிப் போடு. கொஞ்சமாப் போட்டா என்னத்துக்கு ஆகும்?"

எப்பவும் போடுகிற இடம் கோவில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை, நாலு பக்கமும் திறந்த சன்னல். ஓட்டல் மண்டபத்தில் கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் அட்டைக் கூரை. குளிருக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் இறுக்கிச் சாத்தி, ஹீட்டர் போட்டிருந்தார்கள். இந்த வித்தியாசம் மாமாவுக்குத் தெரிய நியாயமில்லை. இரண்டு இடத்தையும் பார்த்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கலசத்தைச் சங்கிலியோடு கோட்டு மறைவில் தொங்கவிட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. திறப்பு விழாவுக்கு வந்த சென்னை டாக்டரம்மா ஸ்டால் ஸ்டாலாகப் பார்த்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்ட, கண்டிப்பான முகம். நுரையீரல் வைத்தியத்தில் பெரிய பெயர். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எங்கள் இன்ஹேலர் பிழைத்துக்கொள்ளும். சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, முருகன் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"எங்கடா போன? வெரசாக் காட்டு, டாக்டரம்மா வந்துட்டாங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே.

மூடியை உயர்த்தினேன். மூடியை உயர்த்தினேன். மூன்று முறை வலம், மூன்று முறை இடம், மூன்று முறை நடு. சங்கிலி 'ஜல் ஜல்' என்று பேசியது. ஈஸ்டர் அன்று பிஷப்பே வந்திருந்தால் எப்படி ஆட்டுவேனோ அப்படி ஆட்டினேன்.

முதலில் முருகன் மறைந்தார். பிறகு பேனர் மறைந்தது. பிறகு சார்.

முதல் சில நிமிடங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை என்பதுதான் கொடுமை. சமவெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இதை மூடுபனி என்று நினைத்துவிட்டார்கள். "அய்யோ, மேகம் உள்ளயே வந்துருச்சு பாருங்க!" என்று ஒரு அம்மாள் கூவ, பலர் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து செல்ஃபி எடுத்தார்கள். மாநாட்டுப் போட்டோக்காரர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானும் வெட்கமில்லாமல் இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினேன்.

அப்புறம் அந்த மேகம் மூக்கில் ஏறியது.

முதல் இருமல் பொடி அரைக்கும் கம்பெனிக்காரரிடமிருந்து வந்தது. பிறகு அலை அலையாக மண்டபம் முழுக்க இருமியது. நாட்டின் பெரிய பெரிய நெஞ்சு டாக்டர்கள் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாகத் தடவித் தடவி நகர்ந்தார்கள். காற்றின் சுத்தத்தை அளக்கும் கருவி விற்பவர் தன் ஸ்டாலில் அதை ஓடவிட்டிருந்தார். அது எண்களைக் காட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எண்ணை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தது. கூடவே கூரையிலிருந்து நெருப்பு அலாரமும் சேர்ந்து அலறியது.

"யாருய்யா இது? யாரு?" என்று மாநாட்டு நிர்வாகி கத்தினார். புகை லேசாக விலகியது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கலசம் என் கையில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் ஒரு அவமானம் இருக்க முடியாது என்று நினைத்தேன். அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சார் குனிந்து நின்றார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரவில்லை.

சாருக்கு ஆஸ்துமா. எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் அது தெரியாது.

டாக்டரம்மா ஒரே எட்டில் வந்து அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தார். "சன்னல் எல்லாத்தையும் தெறங்க! ஆம்புலன்ஸ் சொல்லுங்க! ஒரு ரிலீவர் இன்ஹேலர் குடுங்க, சீக்கிரம்!"

மேசையில் இருந்ததை எடுத்து நீட்டினேன். வாங்கித் தயாராக்கியவரிடம், "மேடம், அதுல மருந்து இல்ல" என்றேன். அவர் அதைத் தூக்கி எறிந்தார். அடுத்ததை நீட்டினேன். "இதுல?" "இதுலயும் இல்ல மேடம்." "பின்ன எதுக்குய்யா குடுக்குற?" கை தானாக எடுத்து எடுத்துக் கொடுத்தது.

ஸ்டால் ஸ்டாலாக ஓடினேன். எல்லோரும் பாவம், பதறிப்போய் கையில் கிடைத்ததை நீட்டினார்கள். எல்லாம் காலி. பெட்டி பெட்டியாக இன்ஹேலர், தட்டுத் தட்டாக இன்ஹேலர், சாவிக்கொத்தில் இன்ஹேலர், ஆளுயரத்துக்குப் பலூனில் இன்ஹேலர். ஒரு மனிதனுக்கு மூச்சு முட்டும்போது கொடுக்க அவற்றில் ஒன்றிலும் ஒரு துளி மருந்து இல்லை. டாக்டர்கள் கைப்பையைக் கவிழ்த்துத் தேடினார்கள். வேலை, ஆர்டர், அம்மா, ஊர் எதுவும் அப்போது நினைவில் இல்லை. ஒரு மனிதரைக் கொன்றுவிட்டோம் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

திரும்பி ஓடிவந்தபோது சார் விரலைத் தூக்கி நாற்காலியில் தொங்கிய கோட்டைக் காட்டினார். பாய்ந்து உள் பாக்கெட்டில் கையை விட்டேன். ஒரு இன்ஹேலர் இருந்தது. குலுக்கினேன், உள்ளே மருந்து தளும்பியது. கடவுளே என்று வெளியே எடுத்தேன்.

பச்சை நிறம்.

பக்கத்து ஸ்டால் கம்பெனியின் பச்சை. பெரிய எழுத்தில் அவர்கள் பெயர்.

அடுத்து நான் செய்ததை என் மனைவிகூட ரொம்ப நாள் நம்பவில்லை. சார் மூச்சுக்குத் தவிக்கிறார். நான் அந்தப் பெயர் வெளியே தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு, நகத்தால் லேபிளைச் சுரண்ட ஆரம்பித்தேன். எந்த ஜென்மத்து விசுவாசமோ தெரியவில்லை.

"கைய எடுடா முட்டாள்!" என்று டாக்டரம்மா என் மணிக்கட்டில் ஒரு அடி போட்டுப் பிடுங்கினார். பச்சை டை மேனேஜர் அதற்குள் தன் ஸ்டாலிலிருந்து ஒரு ஸ்பேசரை, அதாவது இன்ஹேலரின் முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் குழாயை, எடுத்துக்கொண்டு ஓடிவந்து மண்டியிட்டார். அதுவும் பச்சை. "மெதுவா இழுங்க சார். பதறாதீங்க. இது உங்க பொடி மாதிரி இல்ல, பலமா இழுக்கணும்னு அவசியமில்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். அதனால் இன்னும் அதிகமாக வலித்தது.

போட்டோக்காரர் தன் கடமையைச் செய்தார். அந்தப் படத்தில் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. நடுவில் எங்கள் முதலாளி, எதிரிக் கம்பெனி இன்ஹேலரை வாயில் வைத்துக் கண்ணை மூடி இழுக்கிறார். பக்கத்தில் எதிரிக் கம்பெனி மேனேஜர் அவர் தோளைத் தாங்குகிறார். பின்னால் 'இன்ஹேலரை மறைக்காதீர்கள்' பேனர். ஓரத்தில் தூபக்கலசத்தோடு வாயைப் பிளந்து நான்.

சாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே பார்த்து, சாயங்காலத்துக்குள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மாநாட்டை ஓட்டல் புல்வெளிக்கு மாற்றினார்கள். எல்லோரும் நிஜ மூடுபனியில் குல்லா போட்டுக்கொண்டு நடுங்கி நடுங்கிப் பேசினார்கள்.

சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. மூச்சு வராததாலா, கோபத்தாலா என்று தெரியவில்லை. அவர் பேசுவதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"உங்க கோவில்ல எப்பவும் இப்பிடித்தானா?"

"பெரிய திருநாளுக்கு மட்டும் சார்."

"உள்ள போறவங்க எல்லாரும் வெளிய வர்றாங்களா?"

சார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வீசிங் இருக்குன்னு வெளிய சொன்னா, இன்ஹேலர் கம்பெனிக்காரனுக்கே மூச்சு வாங்குதும்பாங்க. என் பொடியை இழுக்கறதுக்கு அந்த நேரத்துல எனக்குத் தெம்பு கெடையாது. ஆபத்துக்குன்னு அவங்களோடதை வச்சிருக்கேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நீ மதுரைக்கு வர வேணாம். இங்கயே இருந்துக்க."

முடிந்தது என்று வீட்டுக்கு நடந்தேன். வாசலிலேயே அம்மா கட்டிப்பிடித்து அழுதார். விஷயம் தெரிந்துவிட்டது என்று நானும் அழுதேன்.

"ஏய்யா ராசா, மொதலாளி உசுரையே காப்பாத்திட்டியாமே!"

ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் எங்கள் பங்குக் கோவில் ஆட்கள். செய்தி எனக்கு முன்னால் மலை முழுக்கச் சுற்றியிருந்தது. மொதலாளிக்கு இழுப்பு வந்ததும், பெரிய பெரிய டாக்டர்களே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, எட்வின்தான் பாய்ந்து மருந்தை எடுத்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை பொய்யில்லை. இழுப்பு எதனால் வந்தது என்பது மட்டும் அதில் இல்லை. வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னவர் பாக்கியம் மாமா. கலசத்தைப் பற்றிச் சொன்னால் சாமியார் முதலில் அவரைத்தான் தேடுவார். என்னைப் பார்த்து மாமா கண்ணடித்தார்.

மறுநாள் வெள்ளனே, நான் எழுவதற்கு முன்னாலேயே, அம்மா ஓட்டலுக்கே போய் சாரைக் கையோடு அழைத்துவந்துவிட்டார். மலையிறங்கும் முன் எங்கள் வீட்டில் கை நனைத்தே ஆக வேண்டுமாம். கம்பளியைச் சுற்றிக்கொண்டு சார் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், நான் வந்த வழியே படுக்கைக்குத் திரும்பப் பார்த்தேன். அம்மா விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வாசலில் நின்றார்கள்.

இட்லியை வைத்துக்கொண்டே அம்மா ஆரம்பித்தார். "நல்லா சாப்பிடுங்கய்யா. எம்புள்ள மட்டும் அங்க இல்லேன்னா ஒங்க கதி என்ன ஆயிருக்கும்? நெனச்சாலே கொல நடுங்குது."

சார் இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒரு நன்றி விசுவாசம் வேணும்ல. அவன பெர்மனன்ட் பண்ணிருவீங்கள்ல?"

அம்மா கரண்டியைப் பிடித்தபடி, முகம் முழுக்க நம்பிக்கையோடு நின்றார். சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரின் தோள் லேசாகக் குலுங்கியது. மறுபடி மூச்சுத் திணறலா என்று பதறி அவர் பாக்கெட்டை நோக்கிக் கையை நீட்டினேன். இல்லை. சிரித்தார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

"பண்ணிருவோம்மா" என்றார். "இவன் எங்கிட்டயே இருக்கட்டும். வேற எங்கயாச்சும் விட்டா, போற எடத்துல எல்லாம் யாரையாவது காப்பாத்திருவான்."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

வருஷங்கள் போய்விட்டன. அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. என் மனைவிக்கு மட்டும் முழுக் கதையும் தெரியும். இன்றைக்கும் நான் வேலைக்குக் கிளம்பும்போது, சாப்பாட்டுப் பையை நீட்டிக்கொண்டே அவள் சொல்வது ஒன்றுதான்: "பாத்துப் போயிட்டு வாங்க. யாரையும் காப்பாத்திராதீங்க."